பேட்ஜ் இருந்த இடம்

டெய்லரக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம். அளவு கொடுக்க வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதவே மாட்டாள். சீருடை தைக்கும் கடை, வருகிறவர்கள் எல்லாரும் போலீஸ்காரர்கள். பெயர்தான் நெஞ்சிலேயே ஒட்டியிருக்கிறதே, அதை வேறு எழுதிக் கையை ஒடித்துக்கொள்ள வேண்டுமா என்பாள். அவள் நோட்டில் இருப்பதெல்லாம் உடம்புகள்தான். 'தொப்பை. அளவெடுக்கையில் மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றுவார், ரெண்டு இஞ்ச் கூட்டு.' 'ஒட்டகக் கழுத்து.' 'பின்பக்கம் கிடையவே கிடையாது, பெல்ட்டை நம்பித் தை.' அப்படி ஒரு பக்கத்தில்தான் 'சாய்தோள்' இருந்தான். வலது தோள் இடதைவிட ஒரு இஞ்ச் கீழே. அந்தப் பக்கம் மட்டும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தால்தான் சட்டை நேராக நிற்கும். அவன் ஓர் அதிகாரி. நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். மரியாதை கொடுக்க வேண்டுமென்று தோன்றினால் நீங்கள் கொடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தபோது அவன் ஒரு வேலை சொன்னான்.

"ஏம்மா, இந்த நேம் பேட்ஜை வச்சுத் தைச்சிடாதே. வெல்க்ரோ வச்சுக் குடு. சட்டுனு பிரிக்கவும் வரணும், சட்டுனு ஒட்டவும் வரணும்."

"எதுக்கு சார்? துவைக்கறப்ப கழட்டவா?"

"ஆமா ஆமா, துவைக்கத்தான்" என்று சிரித்தான்.

அக்காவும் சிரித்துவைத்தாள். அன்றைக்கு நல்ல கத்தரி சாணைக்குப் போயிருந்தது. கையில் இருந்தது, சாம்பிள் துணி நறுக்கும் பல்லுக் கத்தரி. வெட்டினால் ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பல்லாக வரும். மேலேதான் பேட்ஜ் வந்து மூடப் போகிறது, எவன் பார்க்கப் போகிறான் என்று அதாலேயே வெல்க்ரோ பட்டையை வெட்டி, நீலப் பட்டை தீர்ந்துபோயிருந்ததால் கறுப்பையே வைத்துத் தைத்துவிட்டாள். பக்கத்தில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், கடையில் எல்லாருக்கும் அவள் காஜாக்காரி, பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னக்கா, எலி கடிச்ச மாதிரி இருக்கு." அக்காவுக்குத் தன் வேலையைக் குறை சொன்னால் பிடிக்காது. "உன் காஜாவை நீ பாருடி" என்று வாயை அடைத்தாள்.

ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஒரு பட்டை அவள் தைத்ததில்லை. கேட்டவர்களும் கிடையாது.

அக்காவுக்குத் தம்பி ஒருவன். அம்மா அப்பா போனபின் அவள் வளர்த்தவன். கூரியர் கம்பெனியில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான், அது அக்கா குடும்பத்தின் சொத்து. ஒருநாள் பட்டப்பகலில், கடைவீதி நடைபாதையில், குடை விற்கிற கிழவரை ஆறு போலீஸ்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். தலையில் ஹெல்மெட், முகத்தில் கறுப்புக் கண்ணாடி. அதில் ஒருவன் குடைகளை மிதித்து நொறுக்கி, குடைக்காரரை லத்தியால் முதுகில் விளாசினான். தம்பி வண்டியை ஓரங்கட்டி, பத்தடி தள்ளி நின்று, போனைத் தூக்கி வீடியோ படம் பிடித்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. அடித்தவன் திரும்பிப் பார்த்து நேராக இவனை நோக்கி வந்தான்.

"எடுக்காதே! போனைக் குடுடா!"

"நடு ரோட்டுல நடக்கறதை எடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தம்பி படத்தை நிறுத்தி உடனே அக்காவுக்குத் தட்டிவிட்டான். அது போய்ச் சேர்ந்த நொடியில் போன் தரையில் சிதறியது. பிறகு அந்த ஆள் தம்பியின் வலது கையைப் பிடித்து, "இந்த விரல்தானே அமுக்குச்சு?" என்று கட்டைவிரலைப் பின்னால் மடக்கினான். மடக்கிக்கொண்டே போனான்.

அதோடு விட்டார்களா? ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, மனு கொடுக்க வருகிற ஜனங்கள் பார்க்கிற வாசல் பக்கமாக, வெற்று மார்போடு மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். உடைந்த விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான் பிள்ளை. கடமையைத் தடுத்தான் என்று வழக்கு வேறு. நியாயமாகப் பார்த்தால் தடுக்க வேண்டிய கடமைதான் அது.

அன்றைக்குக் கடையில் அக்கா அந்தப் படத்தைப் பார்த்தாள். முதல் தடவை தம்பி குரலுக்காக. இரண்டாம் தடவை பார்க்கும்போது வலது தோள் கண்ணில் பட்டது. பஞ்சு வைத்தும் லத்தியை ஓங்கும்போது அது இறங்கியது. மூன்றாம் தடவை படத்தை நிறுத்தி விரலால் விரித்துப் பார்த்தாள். நெஞ்சில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. கறுப்பாக ஒரு பட்டை. ஓரத்தில் பல் பல்லாக.

அவள் கையிலிருந்து டேப் நழுவி விழுந்தது. காஜாக்காரி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது..."

"வாயத் தெறக்காதே. யார்கிட்டயும் சொல்லாதே."

ஏன் சொல்லக் கூடாது என்று காஜாக்காரி கேட்கவில்லை. ஆனால் அக்கா ஒவ்வொரு நாளும் தன்னையே கேட்டுக்கொண்டாள். தம்பிக்காக வாதாடுகிற வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பிக்குத் தெரியும். உன் விரலை ஒடித்தவன் பேர் தெரியாமல் இருக்க வழி செய்து கொடுத்தது நான்தான், இந்தக் கையால்தான், கூலி வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே தைத்தேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தினமும் காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். கட்டைவிரல் இல்லாமல் பொத்தான் போட முடியாது. போட்டுப் பாருங்கள், தெரியும்.

தம்பி கொடுத்த புகாரின்பேரில் விசாரணை வந்தது. நடத்தியவர் நரைத்த தலையோடு ஒரு அம்மாள், ஓய்வுபெற்ற நீதிபதி. முதல் நாளே அவர் போலீஸ் தரப்பைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பொது இடத்தில் போலீஸ் வேலை செய்வதைக் குடிமகன் படம் எடுக்கலாம், வேலைக்குக் குறுக்கே வராதவரை அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, இந்த வழக்கைத் திரும்ப வாங்குங்கள். வாங்கினார்கள். தம்பி பக்கம் சட்டம் இருந்தது.

"சட்டம் இருந்து என்னக்கா?" என்றான் வீட்டுக்கு வந்து. "ஒடிச்சவன் பேர் தெரியலியே. ஆறு பேரும் நான் இல்லைங்கறாங்க. மத்த அஞ்சு பேர் நெஞ்சு படத்துல சரியாத் தெரியலை. படம் எடுக்க உரிமை உண்டாம். படத்துல இருக்கறவனுக்கு மட்டும் பேரே கிடையாதாம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ஒரு பேர் வேணும்."

அக்கா அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

அதே முதல் நாளில் வக்கீலம்மா படத்தை நிறுத்தி, "இந்த ஆள் நெஞ்சுல கறுப்பா இருக்கே, அது என்ன?" என்று கேட்டிருந்தார். நிழல் என்றார்கள். நீதிபதியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்படியா? அடுத்த வாரம் ஆறு பேரும் அன்னிக்குப் போட்ட அதே சட்டையோட வாங்க. காலர்ல இலாகா போடற ஸ்டாக் நம்பர் இருக்கும், பதிவேட்டை வரவழைச்சிட்டேன், வேற சட்டை போட்டா எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியம், கடை வாசலில் ஜீப் நின்றது. இறங்கினான் சாய்தோள். கையில் அந்தச் சட்டை.

அவனுக்கு இவள் யாருடைய அக்கா என்று எப்படித் தெரியும்? கடை போலீஸ் குடியிருப்புக்குப் பக்கம், வீடு ஊரின் மறுகோடி. விசாரணைக்கும் அவள் போகவில்லை. போலீஸ்காரன் மூஞ்சியைப் பார்த்தால் கடித்துவிடுவேன் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். உண்மையான காரணம் நமக்குத் தெரியும்.

"ஏம்மா, இந்தப் பட்டையை எடுத்துடு. பேட்ஜை அதே இடத்துல வச்சு ஒரேயடியாத் தைச்சிடு. பட்டை இருந்த அடையாளமே தெரியக் கூடாது. எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம் சார். உக்காருங்க."

சட்டையை வாங்கிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் போனாள். காஜாக்காரி கண்ணை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அவனேதான்! காலர்ல ஊசியை ஒடிச்சு வச்சுத் தைச்சிடு. கழுத்துல ஏறட்டும்."

"ச்சீ, போடி."

"அப்ப மிளகாத்தூள்? தோள்பஞ்சுக்குள்ள? வேர்த்தா பத்திக்கும்க்கா."

"பத்தி எரிஞ்சு? குளிச்சா போயிடும். என் தம்பிக்கு விரல் குளிச்சா சரியாயிடுமா?"

பேசிக்கொண்டே தையலைப் பிரித்தாள். பட்டை கையோடு வந்தது. அடியில் இருந்ததைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

சட்டை பல சலவை கண்டு வெளுத்துப்போயிருந்தது. துவைக்கப் போடும்போது பேட்ஜைக் கழற்றிவிடுவார்கள். பட்டை சட்டையோடே கிடந்து ஊறும், வெயிலில் காயும். ஆக, பட்டைக்கு அடியில் இருந்த துணி மட்டும் புத்தம்புது மைநீலமாக, வெட்டிய பல் ஒன்று விடாமல் அப்படியே பதிந்து கிடந்தது. தைக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பழைய சட்டையில் பையை எடுத்தால் பை இருந்த இடம் காட்டிக் கொடுக்கும். சட்டை போடுகிறவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சட்டை என்றால் ஒரே நீலம்.

அக்காவின் முகத்தில் வாரக்கணக்கில் வராத சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

பேட்ஜ் பட்டையைவிட அரை விரல் அகலம். அதை மேலே வைத்தாள், மைநீலம் மறைந்தது. நைலான் நூல் போட்டாள். சுற்றிலும் ஒரு தையல், உள்ளே இன்னொரு தையல், மூலைக்கு மூலை முன்னும் பின்னுமாக மிஷினை ஓட்டி அழுத்தி முடிச்சு. சீருடை தைத்த இத்தனை வருஷத்தில் இவ்வளவு கருத்தாக அவள் ஒரு வேலையும் செய்ததில்லை. இஸ்திரி போட்டு, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். கறுப்புப் பட்டை அவளுடைய பொத்தான் டப்பாவுக்குள் போனது.

அவன் பேட்ஜை நகத்தால் நெம்பிப் பார்த்தான். அசையவில்லை.

"பிரமாதம்!"

"இனிமே இது உங்களை விட்டுப் போகாது சார்" என்றாள்.

ஜீப் திரும்புவதற்குள் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "தம்பிகிட்ட மட்டும் முன்னாடி சொல்லாதீங்க. நான் அங்கயே சொல்லிக்கறேன்" என்றாள். வக்கீலம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "நோட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

கடைவீதிக் கோடியில் இருந்த விசாரணை அறை சின்னது. நீளமேஜை, சுவரில் படம் போடுகிற திரை, இந்தப் பக்கம் ஆறு போலீஸ்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தி வரிசையாக, அந்தப் பக்கம் தம்பியும் குடைக்காரரும். ஆறு நெஞ்சிலும் ஆறு பேட்ஜ். கறுப்புப் பட்டை எங்கும் இல்லை. காலர் நம்பரும் சரியாக இருந்தது. போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்து, "நிழல்தாங்கம்மா, நாங்கதான் அன்னிக்கே சொன்னோமே" என்று பல்லைக் காட்டினார்.

"எங்க தரப்புல ஒரு சாட்சி" என்றார் வக்கீலம்மா.

அக்கா உள்ளே வந்தாள். தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். சாய்தோள் அவளை முதலில் அடையாளம் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை. கடைக்கு வெளியே டெய்லருக்கு ஏது முகம்? பிறகு அவள் கையில் இருந்த அளவு நோட்டைப் பார்த்தான். முகம் வெளிறியது.

"நீங்க யாரும்மா?" என்றார் நீதிபதியம்மாள்.

"சீருடை தைக்கற டெய்லருங்க. அதோ கட்டைவிரல்ல கட்டுப் போட்டிருக்கானே, அவனோட அக்கா." சாய்தோளைக் கை நீட்டிக் காட்டினாள். "இவர் சட்டையைக் கழட்டச் சொல்லுங்கம்மா. அந்தப் பேட்ஜுக்கு அடியில பாக்கணும்."

"இதென்ன அநியாயம்! நான் ஒரு அதிகாரி, இத்தனை பேர் முன்னாடி..."

"கழட்டாமப் பிரிக்க முடியாதா?" என்று அவளைக் கேட்டார் நீதிபதியம்மாள்.

"நெஞ்சுல ஊசி ஏறிடும்மா. ரெட்டைத் தையல்."

"அப்ப கழட்டுங்க."

கழற்றினான். உள்ளே பனியன், வயிற்றுக்கு மேலே ஓர் ஓட்டை. குடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டையைக் கொடுத்துவிட்டுச் சாய்தோள் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றான். தம்பி அவனையே பார்த்தான், கண் இமைக்கவில்லை.

அந்தத் தையலைப் பிரிக்க அக்காவுக்கு இரண்டு நிமிஷம் போதும். அவள் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தையலாகப் பிரிக்கிற கொக்கியை விட்டு, தூக்கி, அறுத்து, நூலை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அடுத்த தையல். மின்விசிறிக் காற்று பனியனை அசைத்தது. வாசலில் சாட்சி சொல்ல வந்த ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னான் சாய்தோள். "பொது விசாரணைங்க, சாத்த மாட்டோம்" என்றார் நீதிபதியம்மாள். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. என் தம்பி மூணு மணி நேரம் நின்னான், நீ இன்னும் கொஞ்சம் நில்லுடா என்று ஒவ்வொரு தையலுக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைசி மூலை அறுந்தது. பேட்ஜை எடுத்துவிட்டுச் சட்டையை மேஜைமேல் விரித்தாள். வெளுத்த நீலத்தின் நடுவே மைநீலக் கட்டம், ஓரம் முழுக்கப் பல். பொத்தான் டப்பாவைத் திறந்து கறுப்புப் பட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. வக்கீலம்மா திரையில் படத்தை நிறுத்தி நெஞ்சை மட்டும் பெரிதாக்கினார். அங்கேயும் அதே பல்.

"இந்தப் பட்டையைத் தைச்சது யாரு?" என்றார் நீதிபதியம்மாள்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

"நான்தாம்மா."

தம்பி தலையைத் திருப்பினான்.

"எதுக்குன்னு சொன்னாரு?"

"சட்டுனு பேட்ஜைப் பிரிக்க வரணும்னார். துவைக்கறதுக்கானு நானே எடுத்துக் குடுத்தேன், அவரும் ஆமான்னார்."

"நம்புனீங்களா?"

"இல்லம்மா." அவள் தம்பியைப் பார்க்காமல் சொன்னாள். "போலீஸ்காரன் பேரை எதுக்குக் கழட்டுவான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தைச்சேன். அடி வேற எவனுக்கோதானே விழப்போகுதுன்னு இருந்துட்டேன்."

நோட்டைத் திறந்து வைத்தாள். 'சாய்தோள். வலது ஒரு இஞ்ச் இறக்கம். நேம் பேட்ஜ் பிரிக்கிற மாதிரி.' தேதியோடு. நீதிபதியம்மாள் வாசித்துவிட்டு, பிரித்தெடுத்த பேட்ஜைக் கையில் எடுத்து, அதில் பின்னியிருந்த பெயரை ஓர் எழுத்து விடாமல் உரக்கப் படித்தார். எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, "சட்டையும் பேட்ஜும் இங்கயே இருக்கட்டும், இது சாட்சியம். இவர்மேல குற்றவழக்குப் பதிவு பண்ணுங்க. இவரை இப்பவே சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்" என்றார்.

வெளியே வெயில். அக்கா படியில் தனியாக வந்து நின்றாள். இனி அவள் கடைக்கு ஒரு போலீஸ்காரனும் வரமாட்டான், அது அவளுக்குத் தூசு. தம்பி பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஏதாவது திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவன் திட்டவும் இல்லை.

உள்ளேயிருந்து சாய்தோள் வந்தான். போட்டுக்கொள்ள வேறு சட்டை இல்லை. மற்ற ஐந்து பேரும் அவனோடு நடக்காமல் பின்தங்கினார்கள். ஜீப் தெருவின் அந்தக் கோடியில் நின்றது. கடைவீதி ஜனம் முழுக்க வேடிக்கை பார்க்க, அவன் ஓட்டைப் பனியனோடு படியிறங்கித் தெருவுக்கு வந்தான்.

தம்பி புது போனை இடது கையால் பையிலிருந்து எடுத்தான். சிவப்புப் புள்ளியை அமுக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனான். கட்டுக்குள் இருந்த விரல் மடங்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, போனை அக்கா பக்கம் நீட்டினான்.

"நீ எடு."

அவள் வாங்கினாள். அமுக்கினாள். தூக்கிப் பிடித்தாள்.

சாய்தோள் பார்த்துவிட்டான். பழக்கம் போகுமா? "எடுக்காதே!" என்று கை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு வந்தான். படியில் நீதிபதியம்மாள் நிற்பதைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"நடு ரோடு சார்" என்றாள் அக்கா. "பத்தடி தள்ளித்தான் நிக்கறேன். எடுக்கலாம்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். தாங்க ஒரு பஞ்சும் இல்லாமல் வலது தோள் தொங்கியது. அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, திரையில் அவன் இரண்டாகத் தெரிந்தான். கை ஆடத் தொடங்கியது. அப்போது காதோரம் தம்பியின் குரல் கேட்டது.

"உன்கிட்ட அப்புறமாப் பேசிக்கறேன்க்கா. இப்ப கை ஆடாமப் பிடி."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஜீப் போய்ச் சேரும்வரை கை ஆடவில்லை.